மெஷினடியில் ஒரு நீலச் செருப்பு

துணி காயப்போடும் கொடியை நான் முதலில் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பேன். அது வெறும் நைலோன் கயிறு. கரண்டைக் கொண்டுவர அதற்கு வக்கில்லை என்று எனக்கும் தெரியும். என் கணவர் கண்டால் சிரிப்பார். சிரிக்கட்டும். அன்றைக்கு எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் நின்றது அவரில்லை, நான். உள்ளங்கையால் தொட்டால் கை தானாக மூடிக்கொள்ளும், பிறகு அதைத் திறக்க அந்தக் கைக்குச் சொந்தக்காரரால் முடியாது. அதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

நடந்து இரண்டு மாரி போய்விட்டது. இப்போதும் துணி துவைக்கும் மெஷின் சுற்றும் சத்தம் கேட்கும்போது நான் செய்துகொண்டிருக்கும் வேலை பாதியில் நிற்கும். அடுப்பில் கறி அடிப்பிடித்தாலும் சரி, காது பின்பக்கம் போய்விடும். மாமியின் வாய் ஓதுகிறதா என்று கேட்பேன். ஓதினால்தான் அகப்பையைத் திரும்ப எடுப்பேன்.

மாமி என்றால் என் கணவரின் உம்மா. பலாபத்வலயில் பெரிய ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் இருக்கும் இந்த வீடு அவருடையது. என் கணவர் நாவுலப் பக்கம் மரக்கறி எடுத்து லொறியில் மாத்தளைக்குக் கொண்டுபோகிறவர், அதனால் பகலில் வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள்தான்: மாமி, நான், அப்போது ஆறு மாதமான என் மகள். மாமிக்கு அறுபது நெருங்கிவிட்டது. சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறார் என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. தேங்காய் துருவினால் நான் ஒன்று முடிப்பதற்குள் அவர் இரண்டு முடித்து, என் பாதியையும் வாங்கிக்கொள்வார்.

மகள் பிறந்தது வயிற்றைக் கிழித்து. குனிந்து துணி துவைக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். மகளுக்கோ கடை டயபர் போட்டால் தொடையெல்லாம் சிவந்துவிடும், துணி நெப்கின்தான் கட்டவேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை என்று எண்ணுவதை நான் முதல் வாரத்திலேயே விட்டுவிட்டேன். கத்தாரில் வேலை செய்யும் என் நானா, எனக்கு மூத்தவர், லீவில் வந்தபோது இந்தக் கூத்தைப் பார்த்தார். மறுநாளே மாத்தளையில் ஒரு மெஷினை வாங்கி ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார். வெள்ளைத் தகர உடம்பு, மேலே திறக்கும் மூடி, உள்ளே பளபளக்கும் சில்வர் தொட்டி. பின்பக்கத் தகரக் கூரையின் கீழ், பைப்படியில் அதை வைத்தோம்.

அந்த வீட்டில் அலுமாரி மாமியுடையது, கட்டில் மாமியுடையது, சட்டி பானைகூட மாமியுடையது. மெஷின் மட்டும் என் வீட்டிலிருந்து வந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, அதைத் துடைக்கும்போது என் கையில் ஒரு தனி மரியாதை இருக்கும்.

மாமி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மூடியைத் திறந்து பார்த்தார்.

"நல்ல சாமான்தான் மகள். ஆனா நஜீஸ் என்னன்னு இதுக்குத் தெரியுமா?"

நஜீஸ் என்றால் தொழுகைக்கு ஆகாத அசுத்தம். பிள்ளையின் மூத்திரமும் அதில் சேர்த்தி. மாமியின் சட்டம் தெளிவானது: அசுத்தப்பட்ட துணியைக் கொஞ்சத் தண்ணீருக்குள் போட்டால் தண்ணீரும் அசுத்தமாகிவிடும். துணி தண்ணீரிடம் போகக் கூடாது, தண்ணீர்தான் துணியிடம் வரவேண்டும். மெஷினோ எல்லாத் துணியையும் ஒரே தொட்டியில் போட்டுக் கலக்குகிறது. ஆகவே மெஷின் தன் வேலையை முடித்த பிறகு மாமியின் வேலை தொடங்கும். பைப்பில் ஹோஸைப் பூட்டி, மூடியைத் திறந்து, மெஷினைத் திரும்பவும் கலக்க விட்டுவிட்டு, துணியின் மேல் தண்ணீரை ஊற்றுவார். தொட்டி நிறைந்து வழிந்து தரையெல்லாம் ஓடவேண்டும். ஒரு கை ஹோஸைப் பிடித்திருக்கும், மற்றக் கை துணியைப் புரட்டும். வாய் நபி மேல் சலவாத்து ஓதும். இப்படி மூன்று தரம்.

"மாமி, மெஷினே ரெண்டு தரம் அலசுதே" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"அது அலசுறது உங்கட சோப்புக்கு மகள். நான் அலசுறது தொழுகைக்கு."

அதற்குமேல் என்ன பேச? நான் வாய்க்காரிதான், ஆனால் மாமி வாய்க்காரிகளுக்கெல்லாம் மாமி.

இதையெல்லாம் அவர் வெறுங்காலோடுதான் செய்வார். பின்பக்கத்துக் கோடியில் கக்கூஸ் இருந்தது. அதற்கென்று தடித்த அடியோடு நீல நிறத்தில் ஒரு ரப்பர் செருப்பு. அந்தச் செருப்பின் ராச்சியம் கக்கூஸ் படியோடு முடிந்துவிடும். பைப்படி தொழுகை உடுப்பு அலசும் இடம், தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூ செய்யும் இடம். அந்த நீலச் செருப்பு அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவும் கூடாது.

வெயில் காலம் முழுக்க இப்படியே ஓடியது. பிறகு மாரி வந்தது.

மாரியில் எங்கள் பக்கத்துக்கு வெயில் வருவது விருந்தாளி வருவதைப் போல. வரும், உட்காராது. பின்பக்கத்து இரும்புத் தூணிலிருந்து பலா மரத்துக்கு இழுத்திருந்த கம்பிக் கொடியில் துணி போட்டால், கிளிப்பை மாட்டி முடிப்பதற்குள் மலைப்பக்கம் கறுத்துவிடும். எடுத்துக்கொண்டு ஓடவேண்டும். முன் அறையில் குறுக்கும் நெடுக்குமாக நாலு கயிறு கட்டினோம். வாசலிலிருந்து குசினிக்குப் போவதென்றால் ஒரு சாரன் முகத்தில் அடிக்கும், ஒரு சால்வை தோளில் விழும், நெப்கின்கள் தலையைத் தடவும். மூன்று நாளாகியும் காயாத துணியின் புளித்த வாடை சோற்றிலும் ஏறியது. அந்தக் காலத்தில் எனக்கு மெஷினைவிட்டால் கதியில்லை. அது சுற்றிப் பிழிந்து கொடுத்தால்தான் பாதியாவது காயும்.

அந்த மெஷின்தான் மாரி தொடங்கியதும் மக்கர் பண்ணியது. போட்டுப் பத்து நிமிடத்தில் 'டக்' என்று ட்ரிப் சுவிட்ச் விழும். கரண்ட் எங்காவது ஒழுகினால் தானாக விழுந்து வீட்டையே நிறுத்திவிடும் சுவிட்ச் அது. முன் அறைக் கதவுக்குப் பக்கத்துப் பெட்டியில் இருந்தது. நான் ஈரத் துணிகளை விலக்கிக்கொண்டு முன்னால் ஓடி அதைத் தூக்கிவிட்டு வருவேன். திரும்பவும் 'டக்'. காற்றாடி நின்றதும் தூங்கிய மகள் எழும்பி அழுவாள். ஒருநாள் மத்தியானத்துக்குள் ஐந்து தரம் விழுந்தது. அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தையல் இழுக்க இழுக்க ஓடி ஓடி, எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

கணவரிடம் கேட்காமல், கரண்ட் வேலை செய்யும் வயரிங் பாஸைக் கூப்பிட்டேன். பக்கத்துச் சிங்கள ஊர்க்காரர், நல்ல மனிதர். மெஷினைச் சோதித்தார், பெட்டியைத் திறந்து பார்த்தார். மெஷினின் உடம்பில் கரண்ட் ஒழுகுகிறது, வீட்டின் எர்த் கம்பியும் சரியில்லை, புதிதாக ஒன்று அடிக்கவேண்டும் என்றார். கீழே கல்லுத் தரை, அலவாங்கு கொண்டுவந்து தோண்டவேண்டும், நாவுலயில் ஒரு வீட்டு வேலை முடிந்ததும் வருகிறேன், அதுவரைக்கும் இதைப் போடவேண்டாம் என்றார்.

அப்போதுதான் நான் கேட்டேன். சிங்களத்தில் கேட்டேன், தமிழில் எழுதினாலும் அது அதே கேள்விதான்: "அதுவரைக்கும் விழாம செய்ய ஏலாதா?"

அவர் தலையைச் சொறிந்தார். செய்யலாம், ஆனால், என்று தொடங்கினார். அந்த 'ஆனால்' என் காதில் விழவில்லை. நான் விழ விடவில்லை. மெஷினுக்குப் போகும் லைனை ட்ரிப் சுவிட்சைத் தொடாமல், மெயினிலிருந்தே நேராக இழுத்துக் கொடுத்தார். இரண்டு நாளைக்கு மட்டும் என்றார். செருப்பில்லாமல் கிட்டப் போகவேண்டாம், கரண்டை நிறுத்தாமல் ஈரக் கையால் தொடவேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார். மாமி அந்த நேரம் லுஹர் தொழுதுகொண்டிருந்தார்.

மெஷின் பிறகு நிற்கவேயில்லை. அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, மூடியைத் தூக்கும்போது விரல் முட்டியில் எறும்பு கடித்ததைப் போல இருந்தது. எறும்பைத் தேடினேன். இல்லை. திரும்பத் தொட்டேன். திரும்பக் கடித்தது. காலைப் பார்த்தேன், வெளியில் போட்டுப்போகும் செருப்போடுதான் நின்றேன். செருப்போடு நின்றே இப்படி.

பாஸுக்கு கோல் எடுத்தேன். நாளைக்கு வாறேன் என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார். மழையில் நாவுல வேலை இழுத்துக்கொண்டே போனது.

மெஷினை நிறுத்தியிருக்கலாம். பிளக்கைக் கழற்றி மூலையில் போட்டிருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று என்னை நானே எத்தனை தரம் கேட்டிருப்பேன். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். கரண்ட் அடிக்கிறது என்றால், ட்ரிப் ஏன் விழவில்லை என்று கணவர் கேட்பார். அதற்குப் பதில் நான்தான். அதைவிட, "உங்கட வீட்டுச் சாமான் இப்படியா?" என்று மாமி ஒரு சொல் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். மாமி அப்படி ஒருநாளும் சொன்னவரில்லை. சொல்லாத சொல்லுக்குப் பயந்து, இருக்கிற ஆபத்தை மூடி வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இதுதான்.

ஆனால் மாமி வெறுங்காலோடு நிற்கிறாரே! வழிந்தோடும் தண்ணீரில், கையைத் தொட்டிக்குள் விட்டுக்கொண்டு! மாமி பைப்படிக்குப் போகுமுன்னே ஓடிப்போய் சுவிட்சை அணைப்பேன். தண்ணீர் சுழன்றால்தான் மடிப்பெல்லாம் நனையும் என்று அவர் திரும்பவும் போடுவார். நான் அலசுகிறேன் மாமி என்பேன். "உங்களுக்கு அவசரம் மகள், மூணாம் தரத்த ரெண்டாம் தரத்தோட முடிச்சிடுவீங்க" என்பார். அதுவும் உண்மைதான்.

கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. கக்கூஸ் படியிலிருந்த நீலச் செருப்பை எடுத்தேன். வீட்டிலேயே தடித்த ரப்பர் அடி அதற்குத்தான். சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி மெஷினடியில் வைத்தேன்.

"மாமி, இதப் போட்டுக்கிட்டு நில்லுங்க."

"கக்கூஸ் செருப்பையா? என்னத்துக்கு?"

கரண்ட் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "வழுக்குது மாமி" என்று வந்தது.

நான் உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தபோது செருப்பு கக்கூஸ் படியில் இருந்தது. மறுநாள் காலையில் நான் அதை எடுத்து மெஷினடியில் வைத்தேன். பகலுக்குள் அது படிக்குப் போய்விட்டது. அதற்கு மறுநாளும் அப்படியே. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வைப்பேன், மாமி எடுப்பார். நான் கழுவியதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை, அது கக்கூஸ் செருப்பு. பிடிவாதக்காரி என்று மனதுக்குள் ஏசினேன். ஒரு புதுச் செருப்பு வாங்கி வைத்தால் அவர் போட்டிருப்பார் என்ற எண்ணம் வந்தது. அதற்கு ரோட்டடிக் கடைக்குப் போகவேண்டும், மழை பெய்தது, பிள்ளை அழுதாள். நாளைக்குப் போகலாம் என்று விட்டேன். பாஸுடைய 'நாளைக்கு' என்னையும் தொற்றிக்கொண்டது.

அந்த நாட்களில் நான் எல்லாவற்றுக்கும் பயந்தேன். கம்பிக் கொடி இரும்புத் தூணில் கட்டியிருக்கிறதே, அதிலும் வருமோ என்று துணியைத் தடியால் தூக்கிப் போட்டேன். பைப்பைத் தொடப் பயம், கதவுக் கொண்டியைத் தொடப் பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் உண்மையான பேய் எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால்தான் தினமும் மாமியை விட்டுவிட்டு வந்தேன்.

ஒரு காலையில் மாமி தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கை விறைக்கிற மாதிரி ஈக்கு மகள். துணி அலசக்குள்ள எறும்பு ஊருது. சீனி கூடிட்டுப் போல."

அது சீனி இல்லை, மாமி. சொல்லவேண்டியது அவ்வளவுதான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, அடித்துக்கொண்டது.

"ஓ மாமி, சீனியாத்தான் ஈக்கும்" என்றேன். "அடுத்த கிளினிக்குக்குக் காட்டுவோம்."

அன்றைக்குப் பகல் மாமி சோற்றைக் குறைத்துக்கொண்டார். அவர் தட்டில் பாதி வெறுமையாக இருந்ததைப் பார்த்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை விடியும்போதே மழை. மத்தியானம் என் கணவர் ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தார், ஒழுங்கையில் இருந்த எங்கள் ஆண்களெல்லாம் பள்ளிவாசலில். மாமி தொழுகை உடுப்புகளை அலசிக்கொண்டிருந்தார். நான் அறையில் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். தகரத்தில் மழைச் சத்தம், அதற்குக் கீழே மெஷின் சத்தம், அதற்கும் கீழே மாமியின் சலவாத்து. மூன்றும் கேட்டுக்கொண்டிருந்தன. பிறகு இரண்டு மட்டும் கேட்டன.

மாமி ஓதுவதை நடுவில் விடமாட்டார். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழும்பினேன். ஈரச் சாரன்களை விலக்கிக்கொண்டு பின்கதவுக்குப் போனேன்.

மாமி மெஷினைப் பார்த்தபடி நின்றார். வலது கை தொட்டி விளிம்பைப் பிடித்திருந்தது. ஹோஸ் கீழே விழுந்து தண்ணீர் அவர் காலில் ஓடியது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. முதுகு மட்டும் மெல்ல நடுங்கியது. கண் என் பக்கம் திரும்பியது. அந்தக் கண்ணை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

பிடித்து இழுக்கத்தான் போனேன். யோசிக்கவேயில்லை, கை தானாக நீண்டது. என்னைவிட முந்தியது மகள். மாமியைக் கண்டதும் எப்போதும் போல இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவர் மேல் தாவினாள். சின்ன விரல்கள் மாமியின் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தன. நான் அவளைப் பின்னால் இழுத்த வேகத்தில் கதவில் மோதினேன். அவள் வீரிட்டாள்.

முன் அறைக்கு ஓடினேன். ஓடும்போது ஒரு கயிறு கழுத்தில் மாட்டி அறுந்தது, துணியெல்லாம் என்மேல் விழுந்தது. பெட்டியைத் திறந்து, பழக்கப்பட்ட கையால் ட்ரிப் சுவிட்சை அடித்து இறக்கினேன். காற்றாடி நின்றது. பிரிட்ஜ் நின்றது. வீடு அமைதியானது.

பின்பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நொடி எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நான்தானே சொன்னேன், விழாமல் செய்யச் சொல்லி. அல்லாஹ், அல்லாஹ் என்று கத்திக்கொண்டு மெயின் சுவிட்சைத் திருப்பினேன். அது பழையது, இறுகியிருந்தது. ஈரத் துணி சுற்றிய கையால் இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாம் தரம் திரும்பியது. மெஷின் சத்தம் அடங்கியது, பின்பக்கம் தொப்பென்று ஏதோ விழுந்தது.

மாமி தண்ணீரில் கிடந்தார். மகளை முன் அறையில் துணிக் குவியல்மேல் விட்டுவிட்டு வந்து, அப்போதும், கரண்ட் எல்லாம் போன பிறகும், புறங்கையால்தான் அவரை முதலில் தொட்டேன். அதுதான் தொடக்கம். மூச்சு இருந்தது. "மாமி, மாமி" என்று கன்னத்தில் தட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் உதடு அசைந்தது. விட்ட இடத்திலிருந்து ஓதினார் என்று நினைக்கிறேன். நான் தண்ணீரிலேயே உட்கார்ந்து பெருங்குரலில் அழுதேன்.

பக்கத்து வீட்டுச் சிங்களத் தம்பியின் த்ரீவீலில் மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மாமியின் உள்ளங்கையில் குறுக்காகக் கருகியிருந்தது. நெஞ்சைச் சோதித்தார்கள், இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். அல்லாஹ்வின் ரஹ்மத், இதயத்துக்கு ஒன்றுமில்லை என்றார்கள்.

என் கணவர் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். நேராகப் போன வயரைக் கண்டார். பாஸுக்கு கோல் எடுத்து வாயில் வந்ததையெல்லாம் ஏசினார். பாஸ் என்ன சொன்னாரோ தெரியாது, என் பெயரைச் சொல்லவில்லை. நான் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அந்த ஏச்சைக் கேட்டேன். எனக்குரிய ஏச்சு இன்னொருவருக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது சொல், இப்போது சொல் என்று மனம் உந்தியது. கால் நகரவில்லை.

மூன்றாம் நாள் மாமி வீட்டுக்கு வந்தார். வலது கையில் கட்டு. இடது கையால் அவர் சாப்பிடமாட்டார், கரண்டியும் பிடிக்காது. நான் சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். மூன்று வாய் வாங்கினார். நாலாம் வாயில் பருப்பு அவர் மடியில் சிந்தியது.

"என்ன மகள்?"

எல்லாவற்றையும் சொன்னேன். பாஸிடம் நான் கேட்டதை, விரலில் கடித்ததை, எறும்பு ஊருது என்று அவர் சொன்னபோது அது சீனி இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்ததை. சோற்றுக் கை தட்டின் மேலேயே காய்ந்தது. மாமி கடைசிவரை கேட்டார்.

"அப்ப அந்தச் செருப்பு?"

"அதுக்குத்தான் மாமி."

"வழுக்குதுன்னுதானே சொன்னீங்க?"

"ஓ மாமி."

"நீங்க சொன்ன உடனே நான் காலால தடவிப் பாத்தேன் மகள். வழுக்கல்ல. அதுதான் எடுத்து வெச்சேன்." கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "கரண்ட்டுன்னு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, கக்கூஸ் செருப்பென்ன, எதையும் போட்டிருப்பேன். உசுருக்கு ஆபத்துன்னா அதுக்கெல்லாம் அனுமதி ஈக்குதானே."

நான் அவர் மடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அவர் தள்ளவுமில்லை, தடவவுமில்லை. ஒரு கை கட்டுக்குள், ஒரு கை தட்டைப் பிடித்திருந்தது.

"சோத்தத் தாங்க" என்றார். "ஆறுது."

அன்றைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு கணவரிடமும் சொன்னேன். அவர் ஏசியதை இங்கே எழுதப்போவதில்லை. எனக்குச் சேரவேண்டியதுதான் சேர்ந்தது. பாஸ் மறுநாளே அலவாங்கோடு வந்தார். அரை நாள் கல்லை உடைத்துப் புது எர்த் கம்பி அடித்தார். நேர் லைனை அறுத்து எடுத்தார். மெஷினுக்குள்ளே தேய்ந்திருந்த வயரை மாற்றினார்கள். கம்பிக் கொடியை அவிழ்த்து நைலோன் கட்டினோம். ரோட்டடிக் கடையில் தடித்த ரப்பர் செருப்பு வாங்கி, இது பைப்படிக்கு மட்டும் என்று மாமி கையில் கொடுத்தேன். போட்டுக்கொண்டார். இன்றைக்கும் போடுகிறார். நீலச் செருப்பு தன் படியிலேயே இருக்கிறது.

மாமி என்னை ஒருநாளும் குத்திக் காட்டவில்லை. என் உம்மா வீட்டாரிடமும் சொல்லவில்லை. கை ஆறி உள்ளங்கையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் நின்றுவிட்டது. துஆவுக்குக் கையை ஏந்தும்போது அது தெரியும், நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். கடைசித் தண்ணீர் இன்றைக்கும் அவருடையதுதான், மூன்று தரம், ஓதிக்கொண்டே. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

போன மாரியில் ஒருநாள் மகள் பைப்படியில் சவர்க்காரத் தண்ணீரைக் கொட்டிவிட்டாள். மாமி துணிப் பேசினைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"மாமி, பாத்து, வழுக்குது!"

மாமி தூக்கிய காலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். சவர்க்கார நுரை அவர் காலடிவரைக்கும் வந்திருந்தது, ஒரு தரம் குனிந்தால் தெரிந்திருக்கும். அவர் தரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.